சட்டை பண்ணுகிறவள்

“அத்தை, கதவைத் திறக்கவும். அத்தை, கதவைத் திறக்கவும்.”

எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வாள் எங்கள் மருமகள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது இன்றைக்கு வரவே வராது என்று நாள் முழுக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சொல்லிவிட்டு வருகிறவள். ஒரு தடவை சொன்னால் யார் காதிலும் ஏறாது என்று அவளுக்கு ஊறிப்போய்விட்டது. வீட்டிலும் “சாப்பாடு தயார். சாப்பாடு தயார்” என்றுதான் கூப்பிடுவாள். முக்கியமான சேதி என்றால், வாயைத் திறப்பதற்கு முன் கட்டைவிரலால் மேசையில் ஓர் அழுத்து. கூண்டில் அந்த இடத்தில்தான் மைக்குப் பொத்தான் இருக்கிறதாம். மேசை பக்கத்தில் இல்லாவிட்டால் என் தோளை அழுத்துவாள். கூடப் பிறந்தவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே ‘மைக்கு’.

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் எட்டிக் கம்ப்யூட்டரை எழுப்பிவிடுவாள். பழைய பெட்டி. மாவு மெஷின் மாதிரி இரைந்துகொண்டு மெதுவாகத்தான் கண் திறக்கும். அதற்குள் முகம் கழுவி, ஒரு தம்ளர் வெந்நீர் குடித்து, தொண்டை மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்த பிறகு அவள் எங்கள் மருமகள் இல்லை. மலையடிவாரத்துச் சந்தையில் கடை வைத்திருக்கும் தையற்காரி.

விளையாட்டுத்தான். பூதம், மந்திரவாதி, பறக்கிற குதிரை எல்லாம் உள்ள ஒரு தேசம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே அதற்குள் போய் நடமாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சந்தையில் பேரம் பேசுகிறார்கள். ஆரம்பத்தில் எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. “இவ்வளவு பெரிய பெண்ணுக்குப் பொம்மை விளையாட்டாடா?” என்று மகனிடம் கேட்டேன். “நீ சீரியல் பாக்கறியே, நான் ஏதாவது கேட்டேனா?” என்றான். அது வேறு, இது வேறு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் என் கட்டில் அந்த அறையில்தான் கிடக்கிறது. காதில் மாட்டிக்கொண்டால் தலையை வலிக்கிறது என்று அவள் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அதனால் அந்தத் தேசத்து ஊர்வம்பு எல்லாம் எனக்கும் அத்துபடி.

வேடிக்கை என்னவென்றால், நிஜத்தில் அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. அவள் சட்டையில் பொத்தான் அறுந்தால் என் மகன்தான் தைத்துக் கொடுப்பான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஒயர் முறுக்குகிற மாதிரி முறுக்கித் தைப்பான். சட்டை கிழிந்தாலும் கிழியுமே தவிரப் பொத்தான் வராது. அப்படிப்பட்டவள் விளையாட்டுக்குள் போனால், பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் கடை வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். அளவெடுக்காமல் தைக்கிற துணி எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். “அது தானாப் பொருந்திக்கும் அத்தை” என்றாள். எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்கிற உத்தேசமும் இல்லை.

என்னிடம் கலர், தினுசு எல்லாம் கேட்பாள். “இந்தக் காலர் ரொம்ப அகலம்” என்பேன்.

“அது மந்திரவாதி காலர் அத்தை. அப்படித்தான் இருக்கும்.”

“மந்திரவாதின்னா கழுத்துல குளிராதா?”

கொஞ்சம் யோசித்துவிட்டுக் குறுக்கிவிடுவாள். என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தவள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

அவளோடு பிறந்தவர்கள் எல்லாரும் பெண்கள். மேலே பெரியக்கா, சின்னக்கா. கீழே ஒரு தங்கை. அவளைக் கடைக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம், வேலை என்று நாலு பேரும் நாலு மூலைக்குப் போய்விட்டார்கள். போனில் பேசினால் ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது என்று கடைக்குட்டிதான் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்து எல்லாரையும் இழுத்துவிட்டிருக்கிறாள். தினம் சாயங்காலம் அங்கே சந்திப்பார்கள். பெரியக்கா வாள் பிடிக்கிறவள், எதற்கும் முன்னால் நின்று அடி வாங்குவாள். சின்னக்கா பின்னால் நின்றுகொண்டு நெருப்பை ஏவுகிறவள். கடைக்குட்டி இருட்டில் பதுங்கிப் போய்ப் பூட்டை உடைக்கிறவள். “திருடியா?” என்று கேட்டேன். “ஒற்றர் அத்தை, ஒற்றர்” என்று எங்கள் மருமகள் திருத்தினாள். பூட்டை உடைத்தால் என் ஊரில் திருடிதான்.

அவர்கள் முதன்முதலாக உள்ளே போன சாயங்காலத்தை அவள் சொல்லும்போது குரலே மாறிவிடும். ஒரு பெரிய மரத்தடி. விளையாட்டுக்குள்ளேயே மழை கொட்டுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே இலவசமாக ஒரு சாம்பல் நிறச் சட்டை கொடுத்துவிடுவார்களாம். நாலு பேரும் ஒரே மாதிரிச் சட்டையில், ஒருத்தியை ஒருத்தி அடையாளம் தெரியாமல், மரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார்கள். கடைசியில் கடைக்குட்டி கத்தினாளாம்: “ஏய், எனக்கும் புதுசுடி! என்னோடதும் புதுசு!”

அதற்கு ஏன் மற்ற மூன்று பேரும் பேச்சற்று நின்றார்கள் என்பது தெரிய, அவர்கள் வீட்டு அலமாரி தெரிந்திருக்க வேண்டும். பெரியக்காவுக்கு வாங்குகிற சீருடை சின்னக்காவுக்கு வரும், அவளுக்கு அடுத்து எங்கள் மருமகளுக்கு, அப்புறம் கடைக்குட்டிக்கு. ஒவ்வொருத்தி வளர வளரக் கீழ் மடிப்பைப் பிரித்து இறக்குவதும், அடுத்தவளுக்காக மறுபடி மடித்து ஏற்றுவதுமாக, கவுனின் அடியில் பழைய தையல் எல்லாம் கோடு கோடாகத் தெரியுமாம். கடைக்குட்டிக்கு வரும்போது கோடுகள்தான் மிச்சம், நிறம் போய்விட்டிருக்கும். காலருக்குள் பெரியக்கா பெயரை மையில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, வகுப்பில் டீச்சர் அந்தப் பெயரைச் சொல்லியே அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அவளும் வருடம் முழுக்க எழுந்து நின்றிருக்கிறாள்.

“அவளுக்குக் கழற்றிக் கொடுத்தவ நான்தானே அத்தை. கிழிச்சுக் கொடுத்ததும் நான்தான்” என்பாள் மருமகள்.

அதனால்தான் அந்தத் தேசத்தில் என்ன தொழில் பழக வேண்டும் என்று கேட்டபோது, கொல்லு வேலையும் மூலிகையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு இவள் தையலை எடுத்துக்கொண்டாள். “இனிமே யாரும் யாரோட பழசையும் போட வேண்டாம். நான் இருக்கேன். நான் இருக்கேன்.”

வருடக்கணக்கில் நன்றாகத்தான் போயிற்று. சிரிப்பும் கேலியுமாக இந்த அறை கலகலவென்று இருக்கும். ‘மைக்கு, எனக்கு ஒரு சட்டை பண்ணு’ என்பாள் ஒருத்தி. ‘நான் உங்க எல்லாருக்கும் சட்டை பண்றேன், என்னைத்தான் யாரும் சட்டை பண்றதில்ல’ என்பாள் இவள். தினம் ஒரே பேச்சு, தினம் சிரிப்பார்கள். கட்டிலில் படுத்தபடி நானும் சிரிப்பேன்.

அந்தச் சட்டைதான் வினையாக வந்தது. நாலு பேருமாகச் சேர்ந்து ஒரு ராட்சதச் சிலந்தியைக் கொன்று அதன் நூலை எடுத்து வந்தார்கள். ஒரே ஒரு சட்டைக்குத்தான் காணும். முறைப்படி அது கடைக்குட்டிக்கு. ஆனால் பெரியக்காவுக்கு அடுத்த சண்டைக்கு அவசரமாக ஒன்று வேண்டியிருந்தது. அவள் எங்கேயோ வெளியில் நின்றபடி, குழுவில் இருக்கிற எல்லாரும் பார்க்கிற இடத்தில், செல்போனில் ஒரு வரி தட்டி அனுப்பினாள். ‘இப்போ அவளுக்குச் சட்டை பண்ணாதே’ என்று சொல்ல வந்தவள். அந்தப் போனில் முதல் இரண்டு எழுத்தைத் தொட்டாலே ‘அவளை’, ‘அவளுக்கு’, ‘அவளோடு’ என்று வரிசையாக எடுத்து நீட்டுமாம். அவசரத்தில் விரல் பக்கத்தில் பட்டுவிட்டது. ‘அவளைச் சட்டை பண்ணாதே’ என்று போய்ச் சேர்ந்தது.

எனக்கு எழுத்து தெரியாது. மருமகள் வாசித்துக் காட்டினாள். வாசிக்கும்போதே எனக்குச் சுருக்கென்றது.

கடைக்குட்டி உடனே குழுவை விட்டுப் போய்விட்டாள். போன் பண்ணினால் எடுப்பாள்; “வேலையா இருக்கேன்” என்பாள்; வைத்துவிடுவாள்.

“ஒரு ‘க்கு’ விட்டுப்போச்சு. அதுக்குக் காலில் விழணுமா?” என்றாள் பெரியக்கா.

“விழ வேணாம். தப்பா அடிச்சிட்டேன்னு சொல்லு” என்றாள் மருமகள்.

“அவளுக்கே தெரியும். தெரிஞ்சும் பண்றா.”

இப்படியே மாதங்கள் போய்விட்டன. மூன்று பேர் கூடுகிற இடத்தில் கேலியும் குறைந்துபோயிற்று. சட்டை என்ற வார்த்தையை யாரும் எடுப்பதில்லை. ‘உடுப்பு’ என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். ஸ்பீக்கரில் உடுப்பு, உடுப்பு என்று கேட்கும்போது எனக்கு ஆஸ்பத்திரியில் இருப்பது போலிருக்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் மருமகள் தொழிலில் மேல்படிக்கு வந்து சேர்ந்தாள். அதற்கு மேல் போக வேண்டுமென்றால், தையற்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற தலைமைத் தையற்காரரிடம் போய், மூன்று வகைத் தையலில் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். கவசத் தையல் எடுத்தால் வாள் பிடிக்கிறவர்களுக்கு இரும்புக்கு உள்ளே போடுகிற கனத்த அங்கி தைக்கலாம். தீத் தையல் எடுத்தால் மந்திரக்காரர்களுக்கு நெருப்புப் பற்றாத நீள அங்கி. நிழல் தையல் என்று ஒன்று. அதில் தைக்கிற, சட்டை மாதிரிக் காலர் வைத்த போர்வையைத் திருட்டுக் கூட்டம்தான் போட முடியும். போட்டால் தன் குழுவில் இல்லாத யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள். ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டுக்கும் கதவு மூடிவிடும். பிறகு அழுதாலும் திறக்காது.

தினம் போய் அந்தத் தையற்காரர் முன்னால் நிற்பாள். “எந்த வழி?” என்று அந்தப் பொம்மை கேட்கும். நின்றுவிட்டுத் திரும்பி வருவாள்.

“கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையே” என்றான் என் மகன்.

“அப்போ யோசிச்சிருந்தா இப்போ பொத்தான் தைக்க ஆள் ஏது?”

அக்காமார் இரண்டு பேரும் விடவில்லை.

“கவசம் எடுடி. முன்னாடி நின்னு அடி வாங்குறவ நான்.”

“பின்னாடி நின்னு நான் நெருப்பு போடலைன்னா நீ முன்னாடி எங்கே நிக்கப்போறே? தீ எடு மைக்கு.”

“வரிசையில் வரவும். வரிசையில் வரவும்” என்று சிரித்துச் சமாளித்தாள் இவள். பிறகு தயங்கித் தயங்கி, “நிழல்னு ஒண்ணு இருக்கு...” என்றாள்.

பெரியக்காதான் பேசினாள். “வராதவளுக்குத் தைக்கப்போறியா, வர்றவங்களுக்குத் தைக்கப்போறியா? அதை முதல்ல முடிவு பண்ணு. நிழலை எடுத்தா, இனிமே எனக்கு இங்கே வேலை இல்ல.”

அன்றைக்கு என்னிடம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தங்கைக்காக ஒன்றை எடுத்தால் அக்காவும் போய்விடுவாள்; அவள் போனால் சின்னக்காவும் கூடவே போவாள். அக்காமாருக்காக எடுத்தால், கடைக்குட்டிக்குத் தைக்கிற கதவை இவளே கையால் சாத்தின மாதிரி.

“பை தை” என்றேன்.

“என்ன?”

“பை. வாள்காரியோ திருடியோ, பை வேண்டாம்னு யாரு சொல்லுவா? சண்டை வராது.”

“பை எல்லாரும் தைக்கலாம் அத்தை. அதுக்குத் தனியாப் படிப்பு கிடையாது.”

கிடையாது என்றால் வைக்கச் சொல்ல வேண்டும். பை தைக்கிறதுக்குத்தான் படிப்பு வேண்டும். காது அறுந்துபோகாத பையை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாலு பேருக்கும் பொதுவாக அங்கே ஒரு வீடு உண்டு. வாசலில் ஆளுக்கு ஒரு பூந்தொட்டி. தண்ணீர் விடாவிட்டால் செடி வாடித் தலை சாய்ந்துவிடும். ஒருநாள் மருமகள் தன் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், கையை அப்படியே நிறுத்திவிட்டாள். கடைக்குட்டியின் தொட்டியில் செடி நிமிர்ந்து நிற்கிறது. பூவும் விட்டிருக்கிறது.

“சின்னக்கா, குட்டியோட தொட்டிக்கு நீ தண்ணி ஊத்துறியா?”

“எனக்கு என் செடியே ஞாபகம் இருக்கறதில்ல. பெரியக்காவா இருக்கும்.”

“நான் எதுக்கு ஊத்துறேன்?” என்றாள் பெரியக்கா. குரல் வெடுக்கென்று வந்தது. ஆனால் பொய் இல்லை.

மருமகள் அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சை முடித்து ஸ்பீக்கரை அணைத்தாள். பிறகு என் தோளைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“அவ வர்றா அத்தை. நாங்க இல்லாத நேரமாப் பாத்து வந்துட்டுப் போறா. வர்றா.”

மறுநாள் வேலையிலிருந்து வந்தவள் வெந்நீர் குடிக்கவில்லை. நேராகத் தையற்கூடத்துக்குப் போனாள். “எந்த வழி?” என்றது பொம்மை. நிழலைத் தொட்டாள். நிஜமாகவா என்று திரும்பக் கேட்டது. மறுபடியும் தொட்டாள். மற்ற இரண்டு தையலுக்கும் எரிந்த விளக்கு அணைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

“எடுத்துட்டியா?” ஸ்பீக்கரில் பெரியக்கா.

“எடுத்துட்டேன்க்கா.”

“எதை?”

“நிழல்.”

டக்கென்று ஒரு சத்தம். பெரியக்கா போய்விட்டாள். சின்னக்கா, “உனக்கு வேற வேலையே இல்லையாடி?” என்றாள், அவளும் போய்விட்டாள். அத்தனை பெரிய சந்தையில் எங்கள் மருமகள் மட்டும் தனியாக நின்றாள். என் மகன் கதவருகில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தம்ளர் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

அவள் சிலந்தி நூலை எடுத்தாள். அதுவரை யாருக்கும் தைக்காமல் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறாள். அதில் தைக்கப்போவது கரிய போர்வை. மருமகள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை; ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் அது தன்பாட்டுக்குத் தைத்துக்கொள்ளும். ஆனால் மேசைக்கு அடியில் அவள் கால் மட்டும் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஓரத்தைப் பார்த்தேன். மடித்து இறக்கிய கோடு ஒன்றுகூட இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். காலர்தான் கொஞ்சம் அகலம்.

பொது வீட்டில் கடைக்குட்டியின் ஆணியில் அதை மாட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஆணி காலி. வீட்டுக்குள் ஆள் இல்லை. மருமகள் அறை அறையாகப் போனாள், மாடிக்குப் போனாள், இறங்கி வந்தாள். அப்போது வாசலில் வாளோடு ஒரு உருவம் வந்து நின்றது.

“நான் ஒண்ணும் விளையாட வரல” என்றாள் பெரியக்கா. “என்ன தைச்சேன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“நானும்தான்” என்றது சின்னக்கா குரல். “எங்கே அது?”

“எடுத்துக்கிட்டா போலிருக்கு.”

“அவ எங்கே?”

“தெரியலக்கா. போட்டுக்கிட்டிருந்தா நம்ம கண்ணுக்குத் தெரியமாட்டா. நம்ம குழுவுல அவ இல்லையே.”

காலியான அறையைப் பார்த்துக்கொண்டு மூன்று பொம்மைகள். எனக்கே கழுத்து வலித்தது, அப்படி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் கடைக்குட்டியின் பெயரைத் தேடி எடுத்துக் குழுவுக்கு அழைப்பு அனுப்பினாள். பெட்டி இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. கன்னத்தில் இருந்த மிட்டாயை அவள் சப்பக்கூட இல்லை.

முதலில் புகை மாதிரி ஒன்று தெரிந்தது. அப்புறம் தோள், போர்வை, கால். மருமகளின் பொம்மைக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல நின்றுகொண்டிருந்தாள் கடைக்குட்டி. அத்தனை நேரமும் அங்கேயேதான் நின்றிருக்கிறாள்.

“யாரைக் கேட்டு எனக்குச் சட்டை பண்ணினே?” கடைக்குட்டியின் குரல். மூக்கு அடைத்திருந்தது.

மருமகள் கட்டைவிரலால் மேசையில் ஓர் அழுத்து அழுத்தினாள்.

அவள் பேசுவதற்குள் பெரியக்கா தொண்டையைச் செருமினாள். “நான் வேண்டாம்னுதான்டி சொன்னேன். அவ என்னைச் சட்டை பண்ணல.”

யார் முதலில் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஸ்பீக்கர் கரகரவென்று கத்தியது. சிரிப்புக்கு நடுவில் பெரியக்கா, “தப்பா அடிச்சிட்டேன் குட்டி. ‘க்கு’ விட்டுப்போச்சு” என்று சொன்னது எனக்குக் கேட்டது. கடைக்குட்டிக்கும் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் மருமகள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே, உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்னொருத்தி உட்கார இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.